ஈரம் ஓரிடம், ஒழுக்கு வேறிடம்: காருக்குள் புகும் மழைநீரைக் கண்டறிதல்

மழையைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றியவர் திருவள்ளுவர். திருக்குறளின் இரண்டாம் அதிகாரமாகிய வான்சிறப்பு அதற்குச் சான்று. ஆயினும், போற்றுதற்குரிய அம்மழை நாம் ஓட்டிச் செல்லும் காரினுள்ளே புகுந்து பிள்ளைகளின் காலடியில் தேங்குமாயின், அதனைப் போற்றிக்கொண்டிருத்தல் இயலாது. காருக்குள் மழைநீர் புகும் வழிகள் யாவை, புகுந்த வழியை எவ்வாறு கண்டறிவது, கண்டறிந்தபின் எவ்வாறு சீர்செய்வது என்பனவற்றை எமது சொந்த அநுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முனைகின்றோம். பெற்றோருக்கு இது பயன்தரும். விஞ்ஞானம் கற்கும் மாணவருக்கு ஒரு பரிசோதனைப் பாடமாகவும் அமையும்.

எமது காரில் நேர்ந்தது

இலண்டனில் மழை மிகுதி என்பது பலர் கருத்து. உண்மையில், யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர் மழை பெய்ய, இலண்டனில் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீற்றரே. அங்கே அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் வெயில் யாவற்றையும் உலர்த்திவிடும். இங்கோ ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகத் தூறுகின்றது. குளிர்காலத்தில் உலர்த்துவதற்கு வெயிலும் இல்லை. ஆதலால் காருக்குள் ஒருமுறை புகுந்த நீர் வாரக்கணக்கில் தங்கிவிடுகின்றது.

சனிக்கிழமைகளில் எமது மகளையும் அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கு வருவது எமது வழக்கம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள், இடப்புறப் பின் ஆசனத்தின் காலடியில் வைத்த புத்தகப் பை நனைந்திருந்தது. உள்ளிருந்த தமிழ்க் கொப்பியின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுத்த வாரம் காருக்குள் புழுங்கல் நாற்றம் எழுந்தது. காலை வேளைகளில் கண்ணாடிகளின் உட்புறம் பனிமூட்டம் போலப் படிந்தது. பிள்ளைகளுள் ஒருவனுக்கு ஆஸ்மா உண்டு. அவன் காரில் ஏறிய சிறிது நேரத்தில் இருமத் தொடங்கினான். மூன்றாம் வாரம் அவனுடைய தாயார், “குறை நினையாதேங்கோ மாஸ்ரர், இவனை இனி நானே பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வாறன்” என்று தயக்கத்துடன் கூறினார். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு என்பதை நாம் அறிவோம். எதிர்பார்த்தவாறே அடுத்த இரு வாரமும் அப்பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. ஒரு மாணவனின் தமிழ்க் கல்விக்குத் தடையாக எமது கார் அமைந்துவிட்டதே என்ற கவலை எம்மைப் பற்றிக்கொண்டது.

நனைந்த இடம் பின்கதவின் அருகே இருந்தமையால், குற்றம் பின்கதவினுடையதே என முடிவுகட்டினோம். இரு மாதங்களுக்கு முன்னர்தான் ஒரு கராஜில் அக்கதவின் கண்ணாடி திருத்தப்பட்டிருந்தது. அங்கு சென்று, வேலையைச் சரிவரச் செய்யவில்லை எனக் கடிந்துகொண்டோம். அவர் நீரூற்றிப் பார்த்து, “கதவிலை ஒரு பிழையும் இல்லை” என்றார். நாம் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கதவின் விளிம்பெங்கும் சிலிக்கன் பசையைப் பூசினோம். அடுத்த மழைக்கும் அதே இடம் நனைந்தது.

மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் எதுவென அறிந்து, அதன் மூலத்தைத் தேடி, தணிக்கும் வழியை ஆராய்ந்த பின்னரே செயற்பட வேண்டும் என வள்ளுவர் முறைப்படுத்துகின்றார். வகுப்பில் அதனைப் பலமுறை கற்பித்த நாம், மூலத்தைத் தேடாமலே மருந்து பூசிவிட்டோம். அதன்பின்னரே முறையாகத் தொடங்கினோம்.

அது மழைநீர்தானா?

காருக்குள் காணும் ஈரம் யாவும் மழைநீர் அன்று. இயந்திரத்தைக் குளிரச்செய்யும் திரவம் வெப்பமூட்டியிலிருந்து கசிந்து முன் ஆசனக் காலடியில் வழிவதுண்டு. வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பார்த்தால் அது பெரும்பாலும் நிறம் காட்டும். வழுவழுப்பும் இனிய மணமும் உடையது. அது நச்சுத் திரவம். சுவைத்துப் பார்த்தல் ஆகாது. குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டாலும் உள்ளே நீர் சொட்டும். ஆனால் அது குளிரூட்டி இயங்கும் நாட்களில் நிகழ்வது. மழை பெய்த பின்னர் மட்டும் நனைந்து, ஒற்றிய கடதாசியில் நிறமும் வழுவழுப்பும் இல்லையெனின் அது மழைநீர் எனக் கொள்ளலாம். எமது காரில் கண்டது அதுவே.

நீர் செல்லும் வழி

எமது ஊர் ஓட்டு வீடுகளில் மழைக்காலத்தில் ஒழுக்குக்குப் பாத்திரம் வைப்பது பெற்றோர் பலரின் நினைவில் இருக்கும். பாத்திரம் வைத்த இடத்துக்கு நேர்மேலே உடைந்த ஓடு இருப்பது அரிது. முகட்டருகே புகுந்த நீர் கைமரத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு சரிவில் வழிந்து, வேறோரிடத்தில் சொட்டும். காரிலும் இதுவே நிகழ்கின்றது.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது புவியீர்ப்பு: நீர் எப்பொழுதும் தாழ்ந்த இடத்தை நாடும், கார் நிற்கும் சரிவுக்கு ஏற்ப அது முன்னோ பின்னோ செல்லும். இரண்டாவது, நீர் பிற பொருள்களோடு ஒட்டும் இயல்பு: தகட்டின் அடிப்புறத்திலும் கம்பிகளிலும் ஒட்டியவாறே அது நெடுந்தூரம் செல்லும். மூன்றாவது மயிர்த்துளைத்தன்மை: விரிப்பின் கீழுள்ள பஞ்சுமெத்தை, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல நீரை உறிஞ்சிப் பரப்பும். மேற்புறம் உலர்ந்திருக்க, அடியில் பல லீற்றர் நீர் தேங்கியிருத்தல் கூடும்.

நீர் புகும் இடங்கள்

கார் நீர்புகாப் பெட்டி அன்று. நீரை உள்ளே விட்டு, உரிய வழியால் வெளியேற்றுமாறே அது அமைக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான ஒழுக்குகள் அவ்வடிகால்கள் அடைபடுவதால் அல்லது தடுப்புகள் விலகுவதால் நேர்வன.

கதவு: கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளியால் மழைநீர் கதவின் உட்கூட்டுக்குள் இறங்குவது இயல்பே. அது கதவின் அடிவிளிம்பிலுள்ள துளைகளால் வெளியேறும். அத்துளைகள் மண்ணால் அடைபட்டாலும், உட்புற அட்டையின் பின்னே ஒட்டப்பட்டுள்ள தடுப்புத்தாள் கழன்றாலும் நீர் காருக்குள் வரும்.

கூரைச் சாளரம்: அதனைச் சூழ்ந்த வாய்க்காலின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களினூடே கீழிறங்குகின்றன. அவை அடைபட்டால் நீர் கூரைத்துணியிலும் காலடியிலும் இறங்கும். வன்கம்பியால் குத்துதல் தவறு. குழாய் கிழியும் அல்லது கழன்றுவிடும். மெல்லிய நைலோன் இழையே தக்கது.

பின்பகுதி: பின்விளக்குகளின் பின்னுள்ள இறப்பர்த் தடுப்பும், பின்மூடியைச் சூழ்ந்த பட்டியும் நைந்துபோனால், மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியில் நீர் தேங்கும்.

முன்கண்ணாடியின் அடி: வைப்பர்கள் பொருத்தப்பட்ட இடத்தில், பிளாஸ்ரிக் மூடியின் கீழே ஒரு நீள்தொட்டி உண்டு. முன்கண்ணாடியில் விழும் மழை யாவும் அதிலேயே சேரும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீராகும். முன்கண்ணாடியின் பரப்பை மேலிருந்து நோக்க ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் எனக் கொண்டால், 10 மில்லிமீற்றர் மழைக்கு 10 லீற்றர் நீர் அத்தொட்டியினூடாகச் செல்ல வேண்டும். இதனை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். அத்தொட்டியின் வடிதுளையை ஒருபிடி இலைக்குப்பை அடைத்துவிடப் போதுமானது. பல கார்களில், உள்ளே வரும் காற்றை வடிக்கும் வடிகட்டியும் இத்தொட்டியின் அருகிலேயே உள்ளது.

பரிசோதனை

இதற்கு இருவர் வேண்டும். முதலில் விரிப்பை உயர்த்தி, பழைய பத்திரிகைத் தாள்களால் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். பழைய ஈரம் இருக்கும்போது புதிய ஈரத்தைக் காண இயலாது. கார் வழக்கமாக நிற்கும் அதே சரிவில் நிற்கட்டும். ஐயுறும் இடங்களில் முகப்பவுடரை மெல்லத் தூவினால், நீர் வழிந்த தடம் கோடாகத் தெரியும். ஒருவர் ரோச் லைற்றுடன் உள்ளே அமர, மற்றவர் வெளியே நின்று ஹோஸ் குழாயால் மழை போல மெல்லெனப் பாய்ச்ச வேண்டும். மிகுந்த அமுக்கத்துடன் பாய்ச்சினால், மழை புகாத இடத்தாலும் நீர் புகுந்து எம்மை ஏமாற்றிவிடும்.

இங்கே முக்கியமான விதி ஒன்றுண்டு: கீழிருந்து மேலாகச் செல்லுதல். கூரையில் முதலில் ஊற்றினால் நீர் எல்லா இடங்களிலும் வழியும். எதனால் புகுந்தது என்பது தெரியாது. கீழ்ப்பகுதியை ஐந்து நிமிடம் நனைத்து, உள்ளே ஈரம் இல்லையெனின் அடுத்த பகுதிக்கு ஏற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுக என விஞ்ஞான ஆசிரியர் கூறுவதும் இதுவே.

நாம் கண்டது

எமது மகள் உள்ளே அமர்ந்தாள். பின்கதவை ஐந்து நிமிடம் நனைத்தோம். ஒரு துளியும் இல்லை. முன்கதவு, பின்விளக்குகள் ஆகியவற்றிலும் இல்லை. முன்கண்ணாடியின் அடியில் பாய்ச்சத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில், “அப்பா, நிப்பாட்டுங்கோ! முன்னுக்கிருந்து வருது!” என்ற குரல் கேட்டது. இடப்புற முன் ஆசனத்தின் எதிரேயுள்ள சிறுபெட்டியின் பின்னிருந்து நீர் வழிந்து, முன் விரிப்பின் அடியால் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எமது வீதி ஏற்றமானது. கார் மேல்நோக்கியே நிற்கும். முன்னே புகுந்த நீர் பின்னே தேங்கியதன் காரணம் அப்பொழுதுதான் விளங்கியது.

பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினோம். வீதியோர மரங்களின் இலைகள் அழுகிச் சேறாகி வடிதுளையை முற்றாக அடைத்திருந்தன. தேங்கி உயர்ந்த நீர் காற்று வடிகட்டியின் மூடிவரை எட்டியிருந்தது. அம்மூடியின் இறப்பர்ப் பட்டி ஓரிடத்தில் மடிந்து கிடந்தது. கூலியை மிச்சப்படுத்துவதற்காக அவ்வடிகட்டியை அவ்வாண்டு வசந்தகாலத்தில் மாற்றியவர் வேறெவருமல்லர், நாமேதான்.

இலைகளை அகற்றித் துளையைத் திறந்து மீண்டும் பாய்ச்சினோம்; நீர் உயரவில்லை, உள்ளே புகவும் இல்லை. ஆயினும் பட்டியை அவ்வாறே விட்டால் இலை சேரும் அடுத்த இலையுதிர் காலத்தில் அதே குறை தோன்றும். பழைய பட்டியை நீக்கிப் புதியதொன்றைச் சரியாகப் பொருத்தி, பதினைந்து நிமிடம் நீர்பாய்ச்சிச் சோதித்தோம்.

ஒழுக்கு நின்றமையால் வேலை முடிந்ததெனக் கொள்ளலாகாது. நனைந்த பஞ்சுமெத்தையில் பூஞ்சணம் வளரும். அதன் நுண்வித்துகள் ஆஸ்மா உள்ளவர்களுக்குத் தீங்கானவை. பல கார்களில் மின்கம்பிகளும் விரிப்பின் அடியிலேயே செல்வன. அவையும், தகடும் துருப்பிடிக்கக்கூடும். மெத்தையை வெளியே எடுத்து வீட்டினுள் மின்விசிறியின்முன் உலர்த்த எமக்கு எட்டு நாட்கள் சென்றன.

அதன்பின் கராஜுக்குச் சென்று, நாம் கூறியது பிழையென ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்து, “அதை விடுங்கோ மாஸ்ரர், இலை கொட்டுற காலத்திலை மாதம் ஒருக்கால் அந்த மூடியைத் துப்பரவாக்குங்கோ” என்றார். அன்றுதொட்டு அவ்வாறே செய்து வருகின்றோம். பெற்றோர்களும் அவ்வாறு செய்யுமாறு வேண்டுகின்றோம்.

மாணவர்களே, உங்கள் விடைத்தாள்களில் பிழைக்குச் சிவப்புக் கோடிடும்போது, விடையை மட்டும் பாராது செய்கை வழியையும் காட்டுமாறு நாம் கேட்பதுண்டு. பின்கதவு என்பது நாம் செய்கை வழியின்றி எழுதிய விடை. அதனால் பிழையற்ற ஒருவரைக் கடிந்துகொண்டோம்; ஒரு மாணவன் இரு வாரம் வகுப்பை இழந்தான். அவன் இப்பொழுது மீண்டும் எம்முடனேயே காரில் வருகின்றான். இருமல் இல்லை, அவனுடைய கொப்பியும் நனைவதில்லை.