கட்டளை வரியில் ஓர் எழுத்துணரி

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடிய நாளில் தமிழ் நூல்களுக்குப் பகையாய் இருந்தது செல். இன்று அச்சு நூல்களுக்கும் அந்நிலை வந்துவிட்டது. நூறாண்டுக்கு முன் அச்சிட்ட தாள் தொட்டாலே நொறுங்குகிறது. ஆதலின் பக்கங்களை வருடியால் படமெடுத்துக் கணிப்பொறியில் சேர்க்கின்றோம். நன்றே, ஆயினும் படம் படமே. அதனுள் ஒரு சொல்லைத் தேடிக் காண இயலாது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் எத்தனையோ நூல்களைக் கையாலேயே தட்டச்சிட்டனர். அவ்வுழைப்பில் ஒரு பகுதியை இன்று எழுத்துணரி ஏற்றுக்கொள்கிறது.

டெசராக்ட் என்பது அத்தகைய கருவி. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1985 முதல் பத்தாண்டு அளவில் உருவாக்கி, 2005இல் யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. பின்னர்க் கூகுள் பல்லாண்டு பேணியது. 2018இல் வந்த நான்காம் பதிப்பு நரம்பியல் வலையமைப்பு முறையில் எழுத்துகளை வரிவரியாக உணர்கிறது. குரும்பலூரில் இருக்கும் மாணவர் இதற்குக் காசு எதுவும் தரவேண்டுவதில்லை; நிறுவும்போது மட்டும் இணையம் வேண்டும்.

இதற்குப் பொத்தான்களும் சாளரமும் இல்லை. கட்டளையைத் தட்டியே ஏவவேண்டும். உபுண்டு இயங்குதளத்தில் முனையத்தைத் திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' எனத் தட்டுக. (ஒலிப்பையே இங்குத் தருகிறோம், தட்டுவது ஆங்கிலச் சிற்றெழுத்தில்.) இறுதியில் உள்ள 'டாம்' தமிழ்த் தரவு. அதனை மறந்தால் கருவியால் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க இயலாது. பிறகு 'டெசராக்ட்' என்பதன்பின் படக்கோப்பின் பெயர், விடைக்கோப்பின் பெயர், '-எல் டாம்' எனத் தந்தால் உரைக்கோப்பு கிடைக்கும்.

புதியவர் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. டெசராக்ட் பி.டி.எஃப். கோப்பை நேரே படிக்காது. 'பிடிஎஃப்டுபிபிஎம்' என்னும் மற்றொரு கட்டளையால் பக்கங்களைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருத்தல் நலம். அதனினும் குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளியே தொலைந்துபோகும்.

இனித்தான் தமிழ் மாணவர்க்கு வேலை. பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். துணைக்காலைக் கருவி ரகரமாகக் கொண்டால் 'போர்' என்பது 'பேரர்' ஆகிவிடும்! களத்தில் நடந்தது போரோ பேரரோ என்று கணிப்பொறி கவலைப்படாது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய நூல்களில் ணை, லை, னை முதலியன துதிக்கை வடிவிலும், ணா, றா, னா முதலியன சுழித்த வடிவிலும் இருக்கும். அங்கும் கருவி தடுமாறும். பாடல் எண்களாக வரும் தமிழ் எண்களோ இன்னும் வம்பு. ஒன்று ககரம்போலவும், இரண்டு உகரம்போலவும், எட்டு அகரம்போலவும் தோன்றுவதால் பாட்டின் தலையில் பொருந்தாத ஓரெழுத்து வந்து அமர்ந்துவிடும்.

ஆகவே நிறுவுதல் சில மணித்துளிப் பணி. மெய்ப்புப் பார்த்தல் திங்கள் கணக்கில் நீளும் பணி. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களை மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர்கள் இதனை நன்கறிவர். அங்குப் பக்கத்தின் படமும் உரையும் அருகருகே நிற்கின்றன. நம் துறையில் இப்பணியைத் தொடங்குவோரும் அவ்வாறே செய்க. உரை கிடைத்துவிட்டதென்று படக்கோப்பை அழித்துவிடலாகாது. ஐயம் எழும்போது ஒப்புநோக்க வேறு சான்று இராது.