மழைநாள் நடைப்பயணம்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் நம்மில் பலர் திண்ணையை விட்டு இறங்கத் தயங்குவர். ஆயினும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலத்தை அறிய விரும்புவோர்க்கு அக்காலமே ஏற்றது. சாரணரோ, பள்ளி மாணவரோ ஆசிரியர் துணையுடன் ஒரு பகற்பொழுது அந்நிலத்தில் நடந்து வருவாராயின், நூல்களில் படித்தவற்றைக் கண்ணாரக் காண்பர்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் பரந்திருந்தது. கடல் பின்வாங்கிய பின், அதனடியில் படிந்த களிமண்ணும் மணலும் சுண்ணாம்பும் நிலமாயின. அக்கால உயிர்களின் ஓடுகள் அவற்றினுள் புதைந்து கல்லாயின. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் அருகே இத்தகைய களிமண் நிலத்தைக் காணலாம். மழைநீர் வெறுங்களிமண்ணை அரித்து அரித்து, அந்நிலத்தைப் பள்ளங்களும் மேடுகளுமாகப் பிளந்துவிட்டது. ஒவ்வொரு பெருமழையும் மேல்மண்ணைக் கழுவிச் செல்ல, உள்ளே புதைந்திருந்தவை வெளிப்படுகின்றன. ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட ஓடுகள் அம்மோனைட்டு என்னும் உயிர்க்கு உரியவை. கணவாய் மீனுக்கு உறவான அவ்வினம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தொழிந்தது.

அம்மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கின்றது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். சேற்றில் புதைந்த அம்மரத்தினுள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்னும் பொருள் சிறிது சிறிதாகப் புகுந்து, அதன் உருவம் கெடாமலே அதனைக் கல்லாக்கிற்று. இத்தகைய எச்சங்கள் நாட்டின் பொதுச் செல்வம். அவற்றைக் கண்டு, குறிப்பேட்டில் வரைந்து கொள்ளலாம். எடுத்துச் செல்லுதல் தகாது.

மழையில் நடப்பதற்கு முன்னேற்பாடு வேண்டும். இம்மாவட்டங்களில் மிகுந்துள்ள கரிசல் மண் நீர் பட்டால் உப்பும். செருப்பில் அப்பிக்கொண்டு காலைப் பாறைபோற் கனக்கச் செய்யும். ஆதலால் வெயில்நாளில் நடக்கும் தொலைவில் பாதியே நடப்பதாகத் திட்டமிடுதல் நன்று. குடை காற்றுக்கு நில்லாது. நம் உழவர் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் இட்டுக்கொண்டு, இரு கைகளையும் வீசி நடப்பர். மழைச்சட்டை இல்லாதார்க்கு அதுவே போதும். கட்டுச்சோற்றையும் மாற்றுடையையும் நீர் புகாவண்ணம் பொதிதல் வேண்டும். வழியறிந்த ஒருவர் முன்னும், பொறுமையுள்ள ஒருவர் பின்னும் செல்ல, மெலிந்தவர் நடைக்கேற்பவே குழு முழுவதும் நடத்தல் முறை. வழுக்கும் களிமண் மேடுகளில் ஏறலாகாது. இடியோசை கேட்பின், தனிமரத்தின் அடியில் ஒதுங்காது, அண்மையிலுள்ள கட்டடத்தை விரைந்து அடைதல் வேண்டும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது ஓடைநீர். மேற்கே பச்சைமலையில் பெய்த மழை, இங்கே வானம் வெளுத்த பின்னும் வெள்ளமாய் வந்து சேரக்கூடும். முழங்காலளவே தோன்றும் விரைந்த நீர் வலிய ஆளையும் வீழ்த்திவிடும். கலங்கல் நீரில் அடியிலுள்ள குழியும் தெரியாது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சிதைந்து, தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பொறுப்பேற்று, இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். இரும்புப் பாலத்தையும் நிலைகுலையச் செய்யும் வெள்ளத்தின்முன் மனிதக் கால்கள் எம்மாத்திரம்!

ஆகையால், எந்த இடத்தில் எந்த நேரத்தில் திரும்புவது என்பதைப் புறப்படுமுன்னரே குழுவினர் முடிவு செய்து கொள்ளல் வேண்டும். “இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே” என்னும் எண்ணம் பலரை வெள்ளத்தில் இறக்கியிருக்கிறது. காண வந்த கல்மரம் அடுத்த திங்களிலும் அங்கேயே கிடக்கும். கோடி ஆண்டுகள் காத்திருந்த அது, மாணவர்க்காக இன்னும் சில நாள் காத்திருக்கும். கரையில் நின்று, “இன்று இவ்வளவே” என்று சொல்லித் திரும்பும் தலைவனே குழுவினர் அனைவரையும் வீடு கொண்டு சேர்ப்பான். துணிவோடு புறப்படுதலும் தெளிவோடு திரும்புதலும் நடைப்பயணம் கற்பிக்கும் இரு பாடங்களாகும்.