மழைக்குக் காரணம் வேற, வெள்ளத்துக்குக் காரணம் வேற

மழை நேரத்துல டிவியில பாத்திருப்பீங்க. ரிப்போர்ட்டர் மேடவாக்கத்துல முழங்கால் தண்ணியில நின்னு, "பருவநிலை மாற்றத்தால் சென்னை மிதக்கிறது"ன்னு சொல்வாரு. அது சரியா?

2015-க்குப் போவோம். டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 செ.மீ. மழை. அதே வாரம் பாரிஸ்ல பருவநிலை மாநாடு நடந்துட்டு இருந்தது. நிறைய செய்திகள் ரெண்டையும் முடிச்சுப் போட்டுடுச்சு.

அப்புறம் விஞ்ஞானிகள் ஆராய்ஞ்சு பாத்தாங்க. அந்தக் குறிப்பிட்ட மழையில புவி வெப்பமாதலோட பங்கு தெளிவா தெரியலைன்னு 2016-ல் சொன்னாங்க. அதுக்காக பருவநிலை மாற்றமே பொய்னு அர்த்தம் இல்ல. காற்று 1 டிகிரி சூடானா, சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைத் தாங்கும். பொதுவா பெருமழை கூடும். ஆனா ஒரு குறிப்பிட்ட மழைக்கு அதுதான் காரணம்னு எழுத, தனியா ஆதாரம் வேணும்.

சரி, மழை பெஞ்சுது. தண்ணி ஏன் வடியல? தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பினா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடல். இதான் ரூட். ஒரு காலத்துல அந்தச் சதுப்பு சுமார் 5,000 ஹெக்டேர்னு சொல்வாங்க. 2022-ல் ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர்தான். நடுவுல குப்பைக் கிடங்கு, ரோடு, கட்டடம். 2015 வெள்ளத்தை மனிதர்களால் வந்த பேரிடர்னே மத்திய தணிக்கைத் துறை அறிக்கை சொல்லுச்சு.

அதனால நல்ல ரிப்போர்ட்டர் மூணு கேள்வியைத் தனித்தனியா கேப்பாரு. எவ்வளவு மழை? வானிலை மையத்தோட கணக்கைப் பாப்பாரு. ஏன் அவ்வளவு மழை? விஞ்ஞானிகள்கிட்ட கேப்பாரு. தண்ணி ஏன் நின்னுச்சு? பழைய வரைபடம், சர்வே எண், ஆர்டிஐ.

மூணையும் கலந்துட்டா என்ன ஆகும்? "எல்லாம் பருவநிலை"ன்னா, சதுப்புல கட்ட அனுமதி கொடுத்தவங்க தப்பிச்சிடுவாங்க. "எல்லாம் ஆக்கிரமிப்பு"ன்னா, முதல்ல இடிபடுறது ஏரிக்கரை குடிசையா இருக்கும். கூடவே, பழைய மழை அளவை வச்சே புது வடிகாலும் கட்டுவாங்க.

அடுத்த மழைக்கு நியூஸ் பாக்கும்போது, இந்த மூணுல எதுக்குப் பதில் சொல்றாங்க, எதை விட்டுட்டாங்கன்னு கவனிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!