வாடை ஜெர்சியில் இருக்கிறது

துவைத்துக் காயவைத்த ஜெர்சியைக் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்தால் சோப்பு வாசம்தான் வரும். அதையே போட்டுக்கொண்டு பூப்பந்துக் கூடத்தில் பத்து நிமிடம் ஆடினால், அக்குள் சூடேறியதும் பழைய நாற்றம் கிளம்பிவிடுகிறது. இதற்காக ஒரு பிள்ளையைப் பார்த்து “குளிக்கவில்லையா?” என்று கேட்பது பெரிய அநியாயம். புது வியர்வைக்கு ஏறத்தாழ வாடையே கிடையாது. பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைச் சைக்கிள் பயிற்சி செய்ய வைத்து, அவர்களுடைய சட்டைகளை 28 மணி நேரம் வைத்திருந்து சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, பருத்தியைவிடப் பாலியஸ்டர் சட்டைகளே மோசமாக நாறின. பாலியஸ்டர் தண்ணீரை ஒதுக்கும், உடலின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். வாடைப் பொருள்கள் அந்தப் பசையோடு ஒட்டிக்கிடந்து, உடல் சூட்டில் மறுபடி எழும்புகின்றன.

ஆகவே கழுவ வேண்டியது அந்தப் பசையை. வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னர் நூலின் மேல் இன்னொரு படலமாகப் படிந்து, வேலையை இன்னும் கெடுக்கிறது. சோப்புத்தூளை அள்ளிப் போட்டாலும் சரியாக அலசப்படாமல் மிச்சம் தங்கும். ஆடி முடித்த ஜெர்சியைப் பைக்குள் திணித்து வைக்காமல் அன்றே உள்பக்கத்தை வெளியே திருப்பி, என்சைம் கலந்த சலவைத்தூளில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைக்கலாம். நாற்றம் ஊறிப்போன துணிக்கு ஆக்சிஜன் பிளீச் உதவும். மலேசியாவின் சுங்கை பூலோ போன்ற ஈரக்காற்றுள்ள இடத்தில், அடுக்குமாடி வீட்டுக்குள் நெருக்கித் தொங்கவிட்ட துணி மெல்லத்தான் காயும். அந்த ஈரத்தில் பாக்டீரியா மறுபடி பெருகும். இடைவெளி விட்டு, மின்விசிறிக் காற்று படும்படி போடுவது நல்லது. டோபி கடை உலர்த்தியின் கடும் சூடு ஜெர்சியின் மீள்தன்மையைக் கெடுத்துவிடும். அப்படியானால் பருத்தியே போதாதா என்று கேட்கலாம். மெதுவாக நடப்பவருக்குப் போதும். ஓடியாடுபவருக்கு அது நனைந்து கனத்து, தோலை உராயும்.

நாற்றத்தைப் போக்கும் அவசரத்தில் குளோரின் பிளீச்சையும் வினிகரையும் ஒரே வாளியில் ஊற்றுவதுதான் உண்மையான ஆபத்து. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும்; காற்றோட்டமில்லாத குளியலறையில் நுரையீரலையே பாதிக்கும். கண் எரிந்து இருமல் வந்தால் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும். மூச்சுத் திணறினால் 999ஐ அழைக்க வேண்டும்.

‘வாடை எதிர்ப்பு’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் ஜெர்சிகளையும் கவனிக்க வேண்டும். வெள்ளித்துகள் சேர்த்த சில காலுறைகளில், சில சலவைகளிலேயே வெள்ளி பெருமளவு கரைந்து வெளியேறியதை அமெரிக்க ஆய்வொன்று 2008இல் காட்டியது. பொய்யான, திசைதிருப்பும் விளம்பரத்தை மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஒரு சட்டைக்காக வழக்கா என்று தயங்கத் தேவையில்லை: பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ரசீதையும் விலைச்சீட்டையும் பத்திரப்படுத்தி, துவைக்கும் முறை அச்சான துணிப்பட்டையை வெட்டி எறியாமல் வைத்திருப்பது நல்லது. அந்த முறைப்படியே துவைத்தும் நாறியது என்று சொல்ல அது உதவும்.