சிறைக்கு வெளியே நின்றவர்

அரசியல் குழுப்பற்று, அதாவது ஒரு கருத்தின் தகுதியைவிட அதைச் சொன்னவர் எந்த அணி என்பதையே பார்க்கும் மனப்போக்கு, மாறுபட்டு நிற்பவர் பதவியை இழக்கும் முன்பே, அவர் ஈட்டிய நற்பெயரைச் செல்லாக்காசாக்குகிறது. தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜிக்கு 1942இல் நேர்ந்தது இதற்குக் கடுமையான சான்று.

அவ்வாண்டு ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி, அவரது முயற்சியால், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று உடன்பாடு காணலாம் என்று தீர்மானித்தது; இரு தரப்பும் இணங்கினாலன்றித் தேசிய அரசு அமையாது என்பது அவரது கணிப்பு. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதனை 120க்கு 15 என்ற வாக்கில் நிராகரித்தது. காரியக் கமிட்டியிலிருந்து அப்போதே விலகிய அவர், கட்சிக் கட்டுப்பாடின்றி மக்களிடம் பேசுவதற்காக ஜூலையில் கட்சி உறுப்புரிமையையும் சட்டமன்ற இடத்தையும் துறந்தார். பம்பாயில் ஒரு கூட்டத்தில் அவர் மீது தார் வீசப்பட்டது.

1919இல் கதீட்ரல் சாலையில் அவர் குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் நாடு தழுவிய கடையடைப்பு என்னும் எண்ணம் காந்திக்குத் தோன்றியது. 1933இல் இருவரும் சம்பந்திகளாயினர். 1921, 1930, 1940 ஆகிய ஆண்டுகளில் அவர் சிறை புகுந்தார். எனினும், ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய 1942 ஆகஸ்டு 8க்குப் பின் தோழர்கள் சிறைக்குள் இருக்க, வெளியே நின்ற அவருக்கு அந்தச் சிறைவாசங்கள் எதுவும் கணக்கில் வைக்கப்படவில்லை. போராட்ட வேளையில் மாற்றுக் குரல் அணியைச் சிதைக்கும் என்ற வாதமும் உண்டுதான். ஆனால் 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பேச அமர்ந்தபோது அடிப்படையாக இருந்தது ராஜாஜியின் திட்டமே.

ராஜாஜி தம் இடத்தைத் தாமே துறந்தார் என்பது இன்று ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடாவின் உத்தரவை (கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் வாக்களிப்புக் கட்டளையை) மீறுபவரைக் கட்சி 15 நாள்களுக்குள் மன்னிக்காவிட்டால் தகுதியிழப்புக்கு உள்ளாக்குகிறது. விலைபோனவரையும் மனச்சாட்சிப்படி வாக்களித்தவரையும் அது ஒரே தட்டில் நிறுத்துவது பெருங்கவலைக்குரியது. அவைக்குள்ளேயே மாறுபடும் வழி அடைபட்டால், வெளியேறும் துணிவு உள்ள ஓரிருவரைத் தவிர ஏனையோர் மௌனமே காப்பர். நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இத்தண்டனையைச் சுருக்கலாம் என்று தேர்தல் சீர்திருத்தக் குழு 1990இலேயே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.