நேவார் வார்த்த இந்திரன்

இந்திர விழா என்றதும் நமக்குப் புகார் நகரமே நினைவுக்கு வரும். அது 28 நாள் நடந்ததென்று மணிமேகலை கூறும். புகாரில் அவ்விழா நின்றுபோயிற்று. ஆனால் காத்மாண்டு நகரில் நேவார் மக்கள் இந்திரனுக்கு எட்டு நாள் விழாவை இன்றும் எடுத்து வருகின்றனர். இவ்விரு விழாக்களுக்கும் உறவு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. அவ்விழாவின் தலைவனை அம்மக்கள் உலோகத்தில் எங்ஙனம் வடித்தனர் என்பதையே ஈண்டுக் கூற விழைகிறேன்.

நேவார், காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழங்குடிகள். அவருள் இந்து சமயத்தவரும் உளர், பௌத்தரும் உளர். இந்துக்களுக்கு இந்திரன் தேவர்கோன். பௌத்தர்களுக்கோ அவன் புத்தரைப் பணிந்து நிற்கும் சக்கன். இரு சாராரும் ஒரே படிமத்தின் முன் மலர் இடுகின்றனர். படிமம் வார்ப்போரோ பெரும்பாலும் பாடன் நகரத்துச் சாக்கியர். அவர்கள் பௌத்தர். ஆயினும் சிவனையும் திருமாலையும் அவர்கள் கைகளே வார்க்கின்றன. இந்திர விழாவில் தேரேறி வரும் குமாரியும் சாக்கியர் குலத்துச் சிறுமியே. அவளைத் தலேசு என்னும் இந்துத் தெய்வமாகவே வணங்குவர்.

நேவார் இந்திரனை அடையாளம் காண்பது எளிது. நெற்றியைப் பாருங்கள். சிவபெருமானின் நெற்றிக்கண் செங்குத்தாக நிற்கும். இவனுடைய நெற்றிக்கண்ணோ கிடையாகக் கிடக்கும். பக்கங்கள் விரிந்து உயர்ந்த முடி அணிந்து, ஒரு முழங்காலை உயர்த்தி, அரசனுக்குரிய மிடுக்கோடு ஓய்வாக அமர்ந்திருப்பான்.

விழா நாட்களிலோ அவன் கோலம் வேறு. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிய இந்திரனை உயர்ந்த மேடைகளில் வைப்பர். காரணம் ஒரு கதை. தன் தாய்க்காகப் பாரிசாத மலர் பறிக்க இந்திரன் மண்ணுக்கு வந்தானாம். கள்வன் என்று ஊரார் அவனைப் பிடித்துக் கட்டினராம். மகனைத் தேடி வந்த தாய், விளைச்சலுக்கு வேண்டிய பனியைத் தருவதாக வாக்களித்து அவனை மீட்டாளாம். தேவர்கோனையும் திருடன் என்று கட்டிப்போட்ட ஊர் அது!

இனி வார்ப்பு முறை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். நம் சுவாமிமலைத் தபதியர் கையாள்வதும் இம்முறையே. வேறுபாடு என்னவெனில், சுவாமிமலையில் ஐம்பொன்னைக் கனமாக வார்ப்பர். இன்றைய பாடனில் பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக வார்ப்பர். நேவார் விரும்பியது கலப்புக் குறைந்த செம்பு. அது வார்ப்பதற்குக் கடினம். ஆனால் பொன் முலாம் நன்கு பற்றும். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசித் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகும், பொன் தங்கிவிடும். அந்த ஆவி நஞ்சு. படிமத்தின் ஒளிக்குப் பின்னே கொல்லனின் உடல்நலம் கரைந்திருக்கிறது.

இக்கலை இமயத்தையும் கடந்தது. 1260-இல் அரணிகோ என்னும் நேவார் இளைஞர் கைவினைஞர் குழுவொன்றோடு திபெத்துக்குச் சென்றார். பின்னர்க் குப்லாய்கானின் அவையை அடைந்தார். இன்று பீகிங்கில் நிற்கும் வெள்ளைத் தூபி அவர் எழுப்பியதே.

இத்தகைய தெய்வங்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் களவு போயின. பழம்பொருள்களைக் காக்க நேபாளம் 1956-இல் சட்டம் இயற்றியும் களவு நிற்கவில்லை. பாடனில் 1984-இல் திருடப்பட்ட இலக்குமி நாராயணர் கற்சிலை, அமெரிக்காவின் டல்லாஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2021-இல் ஊர் திரும்பி மீண்டும் கோயிலில் அமர்ந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டதை அறிந்த நமக்கு அந்த மகிழ்ச்சி புதிதன்று.

ஆதலின், அருங்காட்சியகத்தில் நேவார் படிமம் ஒன்றைக் காணும் அன்பர்கள், 'இந்துவா, பௌத்தமா?' என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். முகத்தை உற்று நோக்குங்கள். மூக்கும் கன்னமும் தேய்ந்து, பொன் கரைந்து, செம்பு தெரிகிறதா? குங்குமமும் சந்தனமும் இட்டு வணங்கிய கைகளின் தடமாக அது இருக்கக்கூடும். அந்தக் கைகள் எந்த ஊரினவை, படிமம் அங்கிருந்து எப்படிப் புறப்பட்டது என்று அருங்காட்சியகத்தாரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பதும் ஒரு வழிபாடே என்பது என் துணிபு.