மெட்ராஸ்காரங்க சாந்தோமுக்கு மூட்டை கட்டின கதை

போன எபிசோட்ல அசீரியா பத்திப் பேசினோம். ஒரு ஊரைப் பிடிச்சா, அங்க இருக்கிற குடும்பங்களை வண்டி, மூட்டை முடிச்சோட கிளப்பி, ரொம்ப தூரம் தள்ளிக் குடிவைப்பாங்க. கி.மு. 8-ஆம் நூற்றாண்டுல மூன்றாம் திக்லத்-பிலேசர் இதை ஒரு நிர்வாக முறையாவே ஆக்கிட்டார். குடிவைச்சவங்களையும் அசீரிய மக்கள்னே கணக்கு எழுதி வரி வாங்கினாங்க. இத்தனை ஜனங்களையும் கட்டி மேய்க்கணுமேன்னு, தங்களோட அக்காதிய மொழி கூட அரமேயத்தையும் நிர்வாகத்துல சேர்த்துக்கிட்டாங்க.

பல இன மக்களை ஒரு அந்நிய அதிகாரம் எப்படி ஆளும்? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்லயே ஒரு கேஸ் இருக்கு. 17-ஆம் நூற்றாண்டு மெட்ராஸ். ஆனா இங்க கதை தலைகீழ். அங்க ராஜா மக்களை நகர்த்தினார். இங்க மக்களே நகர்ந்துட்டாங்க.

1639-ல கிழக்கிந்தியக் கம்பெனி இங்க நிலம் வாங்கி கோட்டை கட்டுது. துணி வாங்கணும், கப்பல்ல ஏத்தணும். அதுக்குத் தெலுங்கு வியாபாரிங்க, தமிழ் நெசவாளிங்க, போர்ச்சுகீசியர், ஆர்மீனியர், வைரம் விக்கிற யூதர்கள்னு எல்லாரும் வேணும். இவங்க யாரையும் கம்பெனி ஜெயிச்சுப் பிடிச்சு வரலை. தொழில் நடக்குதுன்னு அவங்களா வந்தவங்க. பிடிக்கலைன்னா கிளம்பிடுவாங்க. கோட்டையில இருந்த துரைமாருக்கு இது நல்லாவே தெரியும்.

1686 தொடக்கத்துல கவர்னர் வில்லியம் கிஃபோர்ட், ஊர் மதில் செலவுக்கு வீட்டு வரி கேட்டார். ஊர் கடையை அடைச்சுது. மிரட்டித்தான் பணிய வைக்க வேண்டியிருந்தது. லண்டன்ல கம்பெனியை நடத்தின ஜோசையா சைல்டு இதைப் பார்த்துட்டு வேற கணக்குப் போட்டார். நாம அதிகாரத்துல கேட்டா சில்லறை தரவே அழுவாங்க, அவங்க ஆளுங்களே உட்கார்ந்து வரி போட்டா பல மடங்கு தருவாங்கங்கிறது அவர் வாதம். அப்படிப் பிறந்ததுதான் 1688-ல வந்த மெட்ராஸ் கார்ப்பரேஷன். ஆமா, நாம இன்னிக்கு சொத்து வரி கட்டுற அதே கார்ப்பரேஷனோட முதல் வடிவம்!

மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். கூட 12 ஆல்டர்மேன். ஆங்கிலேயர் 3, பிரெஞ்சுக்காரர் 1, போர்ச்சுகீசியர் 2, யூதர் 3, இந்துக்கள் 3. இந்த மூணு பேர்ல ஒருத்தர் ஆலங்காத்தா பிள்ளை, மின்ட் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டினவர். லிஸ்டைப் பார்த்தா என்ன ஒரு சமத்துவம்னு தோணும். கொஞ்சம் நிதானமா பாருங்க. அதுல நெசவாளி இல்லை, படகோட்டி இல்லை, வண்ணார் இல்லை. இங்கிலீஷ் துரைமாரை விட்டுட்டா எல்லாரும் பெரிய வியாபாரிங்க. அப்பவும் வரி லேசுல வசூலாகலைங்கிறது தனிக் கதை.

அதே வருஷம் ஆர்மீனியர்களோடும் கம்பெனி ஒப்பந்தம் போட்டுது. 40 பேருக்கு மேல குடியேறினா சர்ச் கட்டித் தர்றோம், பாதிரியாருக்குச் சம்பளமும் தர்றோம்னு. அந்தச் சமூகத்துல பின்னாடி வந்த பெட்ரஸ் உஸ்கான்தான் 1726-ல அடையாறு மேல மர்மலாங் பாலத்தைக் கட்டினார். இப்போ சைதாப்பேட்டையில மறைமலை அடிகள் பாலம் இருக்கிற இடம். அடுத்த தடவை அங்க டிராஃபிக்ல மாட்டினா ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ 1707-க்கு வருவோம். ஊர்ல வலங்கை, இடங்கைன்னு ரெண்டு ஜாதி அணி. கோமுட்டிகள், வேளாளர், பறையர் வலங்கை. பேரிச் செட்டிகள், கம்மாளர் இடங்கை. எந்தத் தெருவுல யார் ஊர்வலம் போகலாம்ங்கிறது உயிர்ப் பிரச்சினை. ஜூன்ல ஒரு கல்யாண ஊர்வலம் 'தப்பான' தெருவுல போனதுல கலவரம். அப்போ கவர்னர் தாமஸ் பிட். ஆமா, அந்தப் பெரிய வைரத்தை வாங்கி வித்துப் பணக்காரரான அதே பிட். ரெண்டு பக்கமும் 12, 12 பேரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பண்ணினார். தீரலை.

அப்புறம் வலங்கைக்காரங்க செஞ்சதுதான் எனக்கு இந்தக் கதையிலயே பிடிச்ச இடம். கூட்டம் கூட்டமா சாந்தோமுக்குப் போயிட்டாங்க. சாந்தோம் அப்போ கம்பெனி ஊர் இல்லை, முகலாய அதிகாரிங்க கையில இருந்துது. கோட்டையிலிருந்து கடற்கரை ஓரமா நடந்தே போயிடலாம். கப்பல் நடுக்கடல்ல நிக்குது, மெட்ராஸுக்கு அப்போ துறைமுகம் கிடையாது. மசூலாப் படகு ஓட்ட ஆள் இல்லைன்னா ஒரு மூட்டை துணி கூட ஏறாது. பிட் குதிச்சார், மிரட்டினார். கடைசியில சமாதானம் பேசித்தான் திரும்ப வந்தாங்க.

இதுக்கு விலையும் இருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்குன்னு முடிவாச்சு. ஊரு வழக்கமா, பேசி மாத்திக்கிற மாதிரி இருந்த எல்லை இப்போ கம்பெனி உத்தரவு ஆயிடுச்சு. அசீரியர்கள் ஜனங்களைக் கலைச்சுப் போட்டு ஆண்டாங்கன்னா, கம்பெனி அவங்கவங்க இடத்துலயே பிரிச்சு வச்சு ஆளக் கத்துக்கிச்சு. என்னைக் கேட்டா, இந்த ரெண்டாவது வழிதான் ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

1749-ல சாந்தோமும் மயிலாப்பூரும் ஆங்கிலேயர் கைக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் கோபிச்சுக்கிட்டு மூட்டை கட்டினாலும், சாந்தோம்ல வேற ஆட்சி மிச்சம் இல்லை.